அமுக்கம் மண்ணுக்கு, இழுப்பு மரத்துக்கு

நான்கு வாரம் காய்ந்த பச்சைக்கல் (சுடாத மண்கல்) ஒன்றை எடுங்கள். தரையில் இரண்டு கற்களை இடைவெளி விட்டு வைத்து, அவற்றின் மேல் இதைக் குறுக்கே கிடத்துங்கள். அறுபது எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நடுவில் ஏறி நிற்கட்டும். கல் உடையாமல் நின்றால் அந்த மண்ணில் வீடு கட்டலாம். உடைந்தால் கலவையில் களிமண்ணையும் வைக்கோலையும் கூட்ட வேண்டும். மண் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1993-இல் வெளியிட்ட ஐ.எஸ். 13827 என்ற வழிகாட்டியில் இந்தச் சோதனை இருக்கிறது. ஆய்வுக்கூடமும் எந்திரமும் இல்லாத ஊரிலும் எவரும் செய்து பார்த்துவிடலாம்.

சுவரில் அடுக்கப்போகிற கல்லின் மேல் மூட்டை மூட்டையாகப் பாரம் ஏற்றிப் பார்க்காமல், ஏன் இப்படிக் குறுக்கே போட்டு ஏறி நிற்கச் சொல்கிறார்கள்? நடுவில் ஆள் நிற்கும்போது கல் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. அமுக்கத்தை மண் பொறுக்கும். இழுப்பைப் பொறுக்காது. ஆகவே கல் உடையும்போது விரிசல் அடிப்பக்கத்தில்தான் தொடங்கும். மண் வீட்டின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிடுகின்றன.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓரளவு நல்ல பச்சைக்கல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ பாரத்தை நசுங்காமல் தாங்கும். ஒரு கன மீட்டர் மண் சுவரின் எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொண்டால், மூன்று மீட்டர் உயரச் சுவரின் அடிவரிசைக் கல் மீது விழும் பாரம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோதான். தாங்கும் திறனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஏமன் நாட்டின் ஹத்ரமவுத் பள்ளத்தாக்கில் இருக்கும் ஷிபாம் நகரம் இந்தக் கணக்குக்கு நேரடிச் சாட்சி. பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நகரத்தின் வீடுகள் பச்சைக்கல்லால் 30 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கின்றன. கீழே கனமாகத் தொடங்கும் சுவர் மேலே போகப் போக மெலிகிறது. தளங்களைத் தாங்குபவை மர உத்திரங்கள். யுனெஸ்கோ 1982-இல் இந்த நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அப்படியென்றால் மண்ணால் முடியாத வேலை எங்கே வருகிறது? வாசலுக்கு மேலே, ஜன்னலுக்கு மேலே, கூரையில். அதாவது வெற்றிடத்தைத் தாண்ட வேண்டிய இடங்களில் எல்லாம். அங்கேதான் மரக்கம்பம் வந்து கைகொடுக்கிறது. மண்ணும் மரமும் சேர்ந்த வீட்டின் பொறியியல் முழுவதும் இந்த வேலைப் பங்கீடுதான். பங்கீடு சரியாக இருந்த இடங்களில் வீடு தலைமுறைகள் கடந்து நின்றது. பிசகிய இடங்களில் ஆட்களைக் கொன்றது. இரண்டுக்குமே வரலாற்றில் உதாரணம் உண்டு.

முதலில் மண். ஆற்றுமணல் கையில் ஒட்டாமல் உதிர்கிறது. களிமண் ஏன் ஒட்டுகிறது? களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. உருண்டையாக இல்லாமல் தட்டையான தகடாக இருக்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். களிமண் தகடுகளுக்கு நடுவிலும் அதே தண்ணீர்ப் படலம்தான் இருக்கிறது. கல் காயக் காய அந்தப் படலம் மெலிந்து, அதன் பரப்பு இழுவிசை தகடுகளை நெருக்கி இழுக்கிறது. மிக நெருங்கிய பிறகு மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பிடிப்புதான் மணலையும் வண்டலையும் கட்டிப்போட்டுக் கல்லாக்குகிறது.

இதில் நெருப்புக்கு வேலை இல்லை. சூளையில் வேகும் செங்கல்லில் களிமண்ணின் படிக அமைப்புக்குள் இருக்கும் நீர்க்கூறே வெளியேறி, பொருளே வேறாகிவிடுகிறது. அதை மறுபடி சேறாக்க முடியாது. பச்சைக்கல்லைத் தண்ணீரில் போட்டால் தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்து பிடிப்பு விட்டுப்போய், சில மணி நேரத்தில் பழைய மண்ணாகிவிடும். இடிந்த வீட்டின் மண்ணை நனைத்து மிதித்து அடுத்த வீட்டுக்குக் கல் அறுக்கலாம் என்பதும் இதனால்தான். மழையைப் பார்த்து மண் வீடு அஞ்சுவதும் இதனால்தான்.

களிமண் மிகுந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும், குறைந்தால் உதிரும். கரிசல் மண்ணில் உள்ள களிமண் வகை நீரைக் குடித்து வீங்கி, காய்ந்தால் பிளக்கும் சுபாவம் கொண்டது. கோடையில் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும். தனிக் கரிசலில் கல் அறுத்தால் நிற்காது. வேரும் இலைமக்கும் கலந்த மேல்மண்ணும் ஆகாது. அதைத் தள்ளிவிட்டுக் கீழே இருக்கும் மண்ணைத்தான் எடுக்க வேண்டும். மண் தேறுமா என்று பார்க்க அதே ஐ.எஸ். வழிகாட்டியில் இன்னொரு எளிய வழி உண்டு. மண்ணைப் பிசைந்து இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஐந்தாறு உருண்டை பிடித்து இரண்டு நாள் உலர்த்துங்கள். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். ஒன்றுகூட உடையவில்லை என்றால் களிமண் போதுமான அளவு இருக்கிறது. அடுத்து, மணலின் அளவைக் கூட்டிக்கொண்டே போய் வெவ்வேறு கலவைகளை இரண்டிரண்டு கற்களுக்கு நடுவில் சாந்தாக வைத்து, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எந்தக் கலவையில் விரிசல் முதலில் நிற்கிறதோ அதுவே சரியான அளவு.

வைக்கோல் சேர்ப்பது கல்லைக் கடினமாக்க என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை வேறு. கல் சுருங்கும்போது ஒரே இடத்தில் பெரிய வெடிப்பு விழாமல், சுருக்கத்தைக் கல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களாகப் பரப்பிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரவும் வழி கொடுக்கிறது. விரிசல் விழுந்தாலும் நார் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்வதால் கல் சட்டென்று இரண்டாகப் பிளப்பதில்லை.

மண்ணைக் குவித்தே சுவர் எழுப்பலாமே, எதற்காக அச்சில் போட்டுக் கல்லாக அறுக்க வேண்டும்? இதன் விடையில் பழையவர்களின் கூர்மை தெரிகிறது. ஈரச் சுவர் காயும்போது முழுச் சுவரும் சுருங்கும்; நீளமான சுவரில் அந்தச் சுருக்கம் பெரிய வெடிப்பாக முடியும். கல்லாக அறுத்தால் ஒவ்வொன்றும் தரையில் தனியாகக் கிடந்து சுருங்கி முடித்துவிடுகிறது. சுவருக்குப் போன பிறகு சுருங்க மீதியிருப்பது நடுவில் வைக்கும் மெல்லிய சாந்து மட்டும். அறுத்த கல்லை உடனே கொளுத்தும் வெயிலில் காட்டக் கூடாது என்பதும் சுருக்கத்தின் கணக்குதான். மேல்தோல் முந்திக் காய்ந்தால் உள்ளே இருக்கும் ஈர மண் அதைப் பிளந்துவிடும். முதல் சில நாள் நிழலிலோ வைக்கோல் மூடியோ கிடக்க வேண்டும், பிறகு ஒருக்களித்து நிறுத்திக் காற்றாட விட வேண்டும்.

இனி மரம். மரத்தின் உடல் நீளவாக்கில் ஓடும் இழைகளால் ஆனது. இழைச் சுவர்களில் செல்லுலோஸ் நார்கள் சுருள் சுருளாக ஓட, லிக்னின் என்ற பொருள் அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கிறது. நீளவாக்கில் இழுத்தால் நல்ல மரம் பச்சைக்கல்லைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தாங்கும். இதில் அறுத்த சட்டத்தைவிட முழுக் கம்பம் மேலானது. கணுவைச் சுற்றி இழைகள் வளைந்து போகின்றன; வாள் பட்டால் அவை அங்கங்கே வெட்டுப்படும். பட்டை மட்டும் உரித்த கம்பத்தில் இழைகள் அறுபடாமல் முனையிலிருந்து முனைவரை ஓடுகின்றன. கம்பத்தின் குறுக்களவை இரட்டித்தால் வளைவைத் தாங்கும் வலு எட்டு மடங்காகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கூரைக்குக் கம்பம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விரல் தடிமன்கூடப் பெரிய வித்தியாசம்.

மண்ணும் மரமும் தொடும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. உத்திரத்தின் முனையை அப்படியே சுவர்மேல் உட்கார வைத்தால், கூரையின் பாரம் முழுவதும் உள்ளங்கை அகலத்தில் இறங்கும். அரை டன் பாரம் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இடத்தில் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோ. சுவரின் சொந்த எடை தருவதைப்போல் பத்து மடங்கு. நாளடைவில் அந்த இடம் நொறுங்கும், அதன் கீழே செங்குத்தாக விரிசல் இறங்கும். உத்திரத்தின் கீழே சுவர் நீளத்துக்கு ஒரு பலகையைக் கிடத்தினால் பாரம் பரவிவிடும். இவ்வளவு சின்ன வேலையைச் செய்யாமல் விட்ட வீடுகள் ஏராளம்.

இந்த வேலைப் பங்கீட்டை மிக அழகாகச் செய்த வீடு இந்தியாவில் எது என்று கேட்டால், குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள புங்கா என்பேன். ரண் பாலைவெளியின் ஓரத்தில் பன்னி புல்வெளிக் கிராமங்களில் இன்றும் மக்கள் வாழும் வீடு அது. வட்டமான ஒற்றை அறை. உள்விட்டம் மூன்று முதல் ஆறு மீட்டர். கனமான மண் சுவர், ஒரு வாசல், இரண்டு சின்ன ஜன்னல், மேலே கூம்பாக வேய்ந்த புல் கூரை. ஒரு குடும்பத்துக்கு இப்படி இரண்டு மூன்று அறைகள் ஒரே மேடைமேல் தனித்தனியாக நிற்கும். ஐந்து மீட்டர் உள்விட்டமும் 45 சென்டிமீட்டர் தடிமனும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள சுவருக்குப் பதினைந்து கன மீட்டர் மண் வேண்டும். ஏறத்தாழ 26 டன். இவ்வளவும் ஊரைச் சுற்றியே கிடைப்பதுதான்.

கூரையைத் தாங்கும் விதம் கவனிக்கத் தக்கது. வட்டத்தின் குறுக்கே சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓர் உத்திரம் போகிறது. அதன் நடுவில் நிற்கும் குட்டைத் தூண், கூம்பின் உச்சியைத் தாங்குகிறது. சில புங்காக்களில் உத்திரத்தின் இரு முனைகளையும் சுவரை ஒட்டி எதிரெதிரே நட்ட இரண்டு மரத்தூண்கள் ஏந்திக்கொள்கின்றன. அப்போது சுவர்மேல் விழும் கூரைப் பாரம் வெகுவாகக் குறைகிறது. சுவர் இடிந்தாலும் கூரை தலைமேல் விழாது.

2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்குக் கட்ச் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு ஏழரையைத் தாண்டியது. ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள். புஜ், பச்சாவ் நகரங்களின் கல் வீடுகள் சரிந்தன. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் கான்கிரீட் அடுக்குமாடிகள் இடிந்தன. அதிர்வு மையத்துக்கு அருகிலேயே இருந்த புங்காக்களில் பெரும் சேதம் அடைந்தவை மிகச் சில. அவையும் மோசமான மண்ணாலோ பராமரிப்பு இல்லாததாலோ விழுந்தவை என்று பின்னர் ஆராய்ந்த பொறியாளர்கள் எழுதினார்கள்.

காரணம் வடிவத்தில் இருக்கிறது. நிலநடுக்கம் வீட்டை மேலிருந்து அமுக்குவதில்லை, பக்கவாட்டில் ஆட்டுகிறது. எவ்வளவு எடையோ அவ்வளவு விசை. நேரான நீண்ட சுவர் அதன் முகத்துக்கு எதிராக ஆட்டப்படும்போது வளைகிறது, வளையும்போது இழுபடுகிறது, இழுப்பை மண் தாங்காது. சதுர வீட்டில் இரண்டு சுவர்கள் வெவ்வேறு திசையில் ஆடி, மூலையில் ஒன்றையொன்று பிய்த்துக்கொள்கின்றன. வட்டச் சுவருக்கு மூலையே கிடையாது. எந்தத் திசையில் தள்ளினாலும் அதன் வளைவு விசையைச் சுற்றிலும் பரப்பிப் பெரும்பகுதியை அமுக்கமாக மாற்றிவிடுகிறது. கூரை வெறும் புல்லும் மூங்கிலும் என்பதால் மேலே ஆட்டுவதற்குக் கனமே இல்லை.

இதற்கு நேர்மாறான வீடு மராட்டியத்தின் லாத்தூரில் இருந்தது. கூரையாக மரக் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் வெயிலுக்கும் மழைக்கும் காப்பாக அடி கணக்கில் மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஒழுகினால் இன்னும் கொஞ்சம் மண். ஒன்றரை அடி மண் என்றாலே சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். அதைத் தாங்கியவை உருண்டைக் கற்களை மண் சாந்தில் அடுக்கிய சுவர்கள். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, எல்லோரும் உறங்கும் நேரத்தில் வந்த நிலநடுக்கம் கட்ச் அளவுக்குப் பெரியதும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் அந்த மண்ணுக்கு அடியில் இறந்தார்கள். ஈரானின் பாம் நகரத்தில் 2003 டிசம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கத்தில் 26,000 பேருக்கு மேல் இறந்ததிலும் கனமான பச்சைக்கல் சுவருக்கும் கூரைக்கும் பெரும் பங்கு உண்டு. மண் நொறுங்கும்போது தூளாகிவிடுவதால் இடிபாட்டுக்குள் மூச்சுவிட இடைவெளிகூட எஞ்சவில்லை. மண் வீடு என்றாலே பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் மறந்துவிடக் கூடாது.

பெரு நாட்டுப் பொறியாளர்கள் இந்தச் சிக்கலோடு அரை நூற்றாண்டாகப் போராடுகிறார்கள். 1970-இல் ஏற்பட்ட ஆன்காஷ் நிலநடுக்கத்துக்குப் பிறகு, லிமாவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் முழு அளவு பச்சைக்கல் வீடுகளைக் கட்டி, ஆட்டும் மேடைமேல் வைத்துச் சோதித்துவருகிறார்கள். அவர்கள் கண்ட தீர்வுகள் எல்லாமே இழுப்புக்கு ஆள் சேர்ப்பதுதான். சுவருக்குள் நாணல் தட்டைகளை நிறுத்திவைப்பது, சுவரின் தலையைச் சுற்றி மரச்சட்டங்களால் பட்டை கட்டுவது, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வலையால் போர்த்துவது, அதற்கும் வசதியில்லாத ஏழைகளுக்கு நைலான் கயிற்றால் சுவரையே வரிந்து கட்டுவது. சுவர் விரிசல் விடும், ஆனால் துண்டுகள் ஒன்றையொன்று விட்டு விழாது. ஆட்கள் வெளியே ஓடிவர நேரம் கிடைக்கும். உயிர் காக்க அது போதும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மண் வீடு குளிர்ச்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. மண் சுவர் வெப்பத்தைத் தடுக்கும் பொருளே அல்ல. தெர்மாகோலோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும். அதன் திறமை வெப்பத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்வதில் இருக்கிறது. 30 சென்டிமீட்டர் சுவரின் வெளிப்பக்கத்தைச் சுட்ட நண்பகல் வெயில் உள்பக்கத்தை எட்ட ஏறத்தாழ எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். அதற்குள் வெளியே இரவு வந்து சுவர் மறுபடி குளிரத் தொடங்கியிருக்கும். பகலில் நாற்பது டிகிரியைத் தாண்டி இரவில் நன்றாகக் குளிரும் கட்ச் போன்ற இடத்துக்கு இது வரப்பிரசாதம். இரவிலும் புழுக்கம் குறையாத நம் கடற்கரை ஊர்களில் பலன் குறைவு. அங்கே காற்றோட்டமும் நிழலும்தான் முக்கியம். ஈரப்பதத்தில் மட்டும் மண்ணுக்கு எங்கேயும் ஒரு மேன்மை உண்டு. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயரும்போது, சுட்ட செங்கல்லைவிட முப்பது மடங்கு ஈரத்தைப் பச்சைக்கல் இரண்டு நாளில் உறிஞ்சிக்கொள்வதை ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கெர்னோட் மின்கே அளந்து எழுதியிருக்கிறார். காற்று வறண்டால் அதே ஈரத்தைத் திருப்பித் தந்துவிடும்.

ஈரம் இப்படி வந்து போகும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு பாடம் இருக்கிறது. ராஞ்சோஸ் டி தாவோஸ் என்ற ஊரின் சான் பிரான்சிஸ்கோ டி அசிஸ் தேவாலயம் பச்சைக்கல்லாலும் பைன் மர உத்திரங்களாலும் கட்டியது; 1816 வாக்கில் முடிந்தது. ஒன்றரை நூற்றாண்டாக ஊரார் மண்ணையே பூசிக் காத்துவந்த சுவருக்கு 1967-இல் நிரந்தரத் தீர்வாகச் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழுந்தன. அவற்றின் வழியே மழைநீர் உள்ளே போனது, ஆவியாகி வெளியேற வழியில்லை. வெளியே உறுதியாகத் தெரிந்த சுவர் உள்ளே சேறாகிக்கொண்டிருந்தது. 1979-இல் அதை முழுவதும் உரித்து எடுத்துவிட்டு மறுபடி மண் பூசினார்கள். இன்றும் ஆண்டுதோறும் கோடையில் ஊர் கூடிப் பூசுகிறது.

மரத்துக்கும் இதே எதிரிதான். மரம் மட்கக் காரணம் பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. மண்ணில் நட்ட கம்பம் தரைமட்டத்தில்தான் முதலில் இற்றுப்போகும், ஏனென்றால் அங்கேதான் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. கரையானும் அங்கேதான் ஏறும். வைரம் பாய்ந்த பனையும் தேக்கும் நெடுநாள் தாங்கும், மற்றவற்றை மண்ணில் நடாமல் பாதக்கல்லின் மேல் நிறுத்துவதே நல்லது. சுவருக்குள் பொதிந்த மரமோ, உலர்ந்த மண் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், நீண்ட நாள் கெடாமல் இருக்கும்.

பெரிய கருவி எதுவும் இல்லாமல் இத்தனை விதிகளையும் கண்டுபிடித்து, ஒரு வீட்டுக்குள் அடக்கிவைத்தவர்களை நான் மிகப் பெரிய பொறியாளர்கள் என்றே கருதுகிறேன். அவர்கள் கட்டியதைக் கச்சா வீடு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுக் கடனும் காப்பீடும் மறுப்பது நியாயமில்லை. மண்ணா கான்கிரீட்டா என்று கேட்பதை விட்டு, கூரை எவ்வளவு கனம், சுவரின் தலையைச் சுற்றிப் பட்டை கட்டியிருக்கிறதா, அடித்தளம் தரைக்கு மேல் எழுந்திருக்கிறதா என்று கேட்டுத் தரம் பிரிக்க வேண்டும்.

மண் வீட்டில் வாழ்கிறவர்களுக்கும் கட்ட நினைப்பவர்களுக்கும் சொல்ல விரும்புவது இது. சுவரின் காலில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். முதல் ஒன்றரை அடியைக் கருங்கல்லிலோ சுட்ட செங்கல்லிலோ எழுப்புங்கள். கூரையின் இறவாணத்தைச் சுவரிலிருந்து நன்றாக வெளியே இறக்குங்கள். வாசலையும் ஜன்னலையும் மூலையிலிருந்து 1.2 மீட்டராவது தள்ளி வையுங்கள். கூரையைக் கனமாக்காதீர்கள். யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் மண் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள். ஐ.எஸ். 13827 இணையத்தில் கிடைக்கிறது. மண்ணைத் தோண்டும் முன்பு அதைப் படித்துவிட்டு, உங்கள் கொத்தனாரிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.